வீடியோகேம் கண்காட்சி போடுவது எப்படி: ஒரு பந்தல்காரர் மகனின் குறிப்புகள்

அப்பாவுக்கு மதுரையில் பந்தல், பாத்திர வாடகைத் தொழில். நான் சென்னையில் வீடியோகேம் கண்காட்சி போடுகிறேன். கல்லூரி விழா, கலைக்கூடம், கம்பெனி ஆண்டுவிழா என்று யார் கூப்பிட்டாலும் போவேன். எந்த கேம்களை வைப்பது என்று முடிவுசெய்வது, செய்தவர்களிடம் அனுமதி வாங்குவது, கம்ப்யூட்டர் முதல் மேஜைத் துணி வரை ஏற்பாடு பண்ணுவது, கடைசி நாள் ராத்திரி எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றுவது, எல்லாம் ஒரே ஆள். "இதுக்கு எதுக்குடா இன்ஜினியரிங் படிச்ச, என்கூடவே இருந்திருக்கலாமே" என்று அப்பா ஒருமுறை கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள், எத்தனை கேம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. கன்ட்ரோலரைத் தொட்டே பார்க்காத ஒருவர், பின்னால் வரிசை நிற்க, நாலைந்து நிமிடம் ஆடப்போகிறார். அதற்குள் அவருக்கு ஏதாவது நடக்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்கும் அந்த நாலைந்து நிமிடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் எண்ணிக்கை. ஆறு மேஜை, ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் காகிதத்தில் 504 பேர் வருவார்கள். எழுந்திருப்பது, உட்காருவது, "இன்னும் ஒரே ஒரு தடவை" எல்லாம் போக 350 தேறினால் நல்ல நாள். "ரெண்டாயிரம் பேர் வருவாங்க சார்" என்று சொல்லும் அமைப்பாளரிடம் இந்தக் கணக்கை முதல் சந்திப்பிலேயே எழுதிக் காட்டிவிடுங்கள். மீதிப் பேர் பார்க்க மட்டும்தான் முடியும். ஆகவே நின்று பார்க்கவும் நன்றாக இருக்கும் கேம் குறைந்தது இரண்டு வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2012இல் நடத்திய பெரிய கண்காட்சியில் 80 கேம்கள் இடம்பெற்றன. அதில் கையில் எடுத்து ஆட வைத்தது ஐந்தே ஐந்து. அவர்களுக்கே ஐந்து போதும் என்றால், நமக்கு ஆறு அதிகம்தான்.

தேர்வில் என் ருசியைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஜேசன் ரோரர் 2007இல் செய்த 'பேசேஜ்' ஐந்தே நிமிடம்தான். ஒரு மனிதன் இளமையிலிருந்து முதுமைக்கு நடந்துபோய் இறந்துவிடுவான். நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாகச் சேர்த்த 14 கேம்களில் இதுவும் ஒன்று. கண்காட்சிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ராபின் பாம்கார்ட்டனின் 'லைன் வாப்ளர்' இன்னொரு வகை: திரையே கிடையாது. ஒரு நீள எல்இடி பட்டை, கைப்பிடியாக ஒரு ஸ்ப்ரிங். பத்தடி தள்ளி நிற்கும் குழந்தைக்கும் விளையாட்டு புரிந்துவிடும். நாற்பது மணி நேரக் கதை கேம்களை எவ்வளவு பிடித்தாலும் வைக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் பெயர் கேட்டு, தலைமுடி நிறம் கேட்டே போய்விடும்.

டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'வை வைத்த நாளை மறக்க முடியாது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை அது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. முதலில் வருவது இட்லி, தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே புதிர். ஒரு கல்லூரிப் பையன் இரண்டு முறை தப்பாக அடுக்கினான். பின்னால் நின்ற அவன் பாட்டி, "டேய், மேல் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைடா, ஆவி எப்படி மேல வரும்?" என்றார். அதுவரை அந்த அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். அன்று மாலை வரை அவர்தான் அந்த மேஜைக்கு இன்சார்ஜ், வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு கண்காட்சியிலும், கேம் ஆடாதவருக்குத் தெரிந்த ஏதோ ஒரு விஷயம் உள்ளே இருக்கும் கேம் ஒன்றாவது வைக்கிறேன்.

அடுத்து அனுமதி. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கியது உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். பொது இடத்தில் வைக்க, செய்தவர் சம்மதம் வேண்டும். மின்னஞ்சலில் தேதி, இடம், எத்தனை நாள், நுழைவுக் கட்டணம் உண்டா, எந்தக் கருவியில் ஓடும், அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், இவ்வளவும் முதல் கடிதத்திலேயே இருக்கட்டும். பணம் கொடுக்க முடியாதென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தனியாளாகவோ சிறு குழுவாகவோ கேம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரம், அன்பாகவே பதில் போடுகிறார்கள். பெரிய நிறுவனம் என்றால் மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கண்காட்சிக்கான தனிப் பதிப்பு இருக்கிறதா? ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகவே முதல் திரைக்குத் திரும்புவது, வெளியேறும் பட்டன் இல்லாதது, முந்தையவர் ஆட்டத்தைச் சேமிக்காதது. இந்த மூன்றும் இருந்தால் உங்களுக்கு ஒரு தன்னார்வலர் மிச்சம்.

அது இல்லாமல் நான் பட்டது போதும். ஒரு கல்லூரியில் பத்து வயசுப் பையன் கேமை மூடி, பிரவுசரைத் திறந்து, யூடியூபில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி நல்ல கூட்டம், கண்காட்சியிலேயே அதிக வரவேற்பு அந்த மேஜைக்குத்தான். அன்றே மதியம் இன்னொரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஆரம்பித்தது. சிறப்பு விருந்தினர் அதன் முன்னால் நின்று, சதவீதம் ஏறுவதை மரியாதையோடு பார்த்தார். இப்போதெல்லாம் முந்தின வாரமே எல்லா அப்டேட்டையும் போட்டு, கேம்களை ஆஃப்லைனில் ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு நெட்டைப் பிடுங்கிவிடுகிறேன். விசைப்பலகை, மவுஸ் தேவைப்படாத மேஜையில் அவை கண்ணிலேயே படக் கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம், இங்கேதான் அப்பாவின் தொழில் கைகொடுத்தது. நல்ல கேமிங் கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 500 வாட் என்று வையுங்கள். ஆறு மேஜைக்கு 3,000 வாட், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் ஜங்ஷன் பாக்ஸுக்கு மேல் ஜங்ஷன் பாக்ஸ் மாட்டி இதை இழுத்தால், யாராவது டீ கெட்டிலைச் செருகும்போது மொத்தமும் படுத்துவிடும். இரண்டு தனி லைனாகப் பிரியுங்கள். எர்த் இருக்கிறதா என்று மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கேட்காதீர்கள், டெஸ்டரோடு நீங்களே பாருங்கள். "ஜெனரேட்டர் இருக்கு சார்" என்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் அந்த இடைவெளியில் எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்து மறுபடி எழும். யுபிஎஸ் இல்லாமல் நான் இப்போது மேஜை போடுவதில்லை.

இடத்தைப் பார்க்கப் போகும்போது, கண்காட்சி நடக்கும் அதே நேரத்துக்குப் போங்கள். காலையில் அழகாக இருக்கும் மேற்குப் பார்த்த ஜன்னல், நாலு மணிக்கு எல்லாத் திரையையும் கண்ணாடியாக்கிவிடும். டிவி வாடகைக்கு எடுத்தால் ஒவ்வொன்றிலும் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அமுக்கி ஒரு நொடியின் பகுதி கழித்துத்தான் திரையில் இருக்கும் ஆள் குதிப்பான், ஆடுகிறவர் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துப் போய்விடுவார். வயர்லெஸ் கன்ட்ரோலர் வேண்டாம். சார்ஜ் தீரும், அடுத்த மேஜையோடு இணைந்துகொள்ளும், பையிலும் போய்விடும். வயர் உள்ளதை வாங்கி மேஜைக்காலில் கேபிள் டையால் கட்டுங்கள், இரண்டு மேஜைக்கு ஒன்று என்று உபரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேஜையாவது சக்கர நாற்காலியின் முழங்கால் உள்ளே போகும் உயரத்தில் இருக்கட்டும். விளக்க அட்டையில் எந்தப் பட்டனை அமுக்கினால் குதிக்கும், எதை அமுக்கினால் நடக்கும் என்ற படம் மேலே, கேமைப் பற்றி நாலு வரி கீழே. அதற்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, நான் எழுதியதை நானே படிப்பதில்லை.

தன்னார்வலர்களில் பெரிய தலைவலி, கேமில் கெட்டிக்காரர்தான். யாராவது தடுமாறினால் "குடுங்க, நான் காட்டுறேன்" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிவிடுவார். என் மேஜையில் ஒரே விதி: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

சரி, பணம். கொட்டேஷனில் உங்கள் கட்டணம் தனி, வாடகைச் சாமான் தனி. முடிந்தால் டிவி, கம்ப்யூட்டர் வாடகையை அமைப்பாளரே கடைக்காரருக்கு நேராகக் கட்டட்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் தொழில்முறைக் கட்டணம் என்று ஒரே பில்லாகப் போட்டால், கடைக்காரருக்குப் போக வேண்டிய பணத்திலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரிக்கு முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். ஜிஎஸ்டிக்கான 20 லட்ச ரூபாய் வரம்பும் அடுத்தவர் பணத்தாலேயே நெருங்கிவிடும். நாள் கணக்கில் கூலி கேட்பதானால் கண்காட்சி நாட்களை மட்டும் எண்ணாதீர்கள். மூன்று நாள் கண்காட்சிக்கு எனக்குப் பதினைந்து நாளுக்குக் குறைந்து வேலை இருந்ததே இல்லை. நான் பாதியை அட்வான்ஸாக வாங்குகிறேன், சாமான் இறங்கும் அன்று நாற்பது, முடிந்ததும் பத்து. ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது என்பதும் எழுத்தில் இருக்கும்.

இந்த ஒழுங்கெல்லாம் ஓர் இடத்தில் ஏழு மாதம் பாக்கிக்கு அலைந்த பிறகு வந்தது. அப்போதுதான் சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். இலவசம், ஆன்லைனில் அரை மணி வேலை. பதிவுசெய்த சிறுதொழிலுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் வட்டி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வழக்குக்கெல்லாம் போக வேண்டியதில்லை, பதிவு எண்ணைப் பில்லில் போட்டாலே அக்கவுண்ட்ஸ்காரர் குரல் மாறுகிறது.

முடிந்து இரண்டு நாளுக்குள் ஒவ்வொரு கேம் செய்தவருக்கும் நாலு படமும், ஆட்கள் எங்கே சிக்கினார்கள், எங்கே சிரித்தார்கள் என்று ஒரு பக்கமும் எழுதி அனுப்பிவிடுவேன். அடுத்த தடவை அனுமதி கேட்கும்போது பதில் ஒரே நாளில் வருகிறது.

அப்புறம், கழற்றும்போது எண்ணுங்கள். அப்பா கரண்டியை எண்ணாமல் வண்டியை எடுக்க விடமாட்டார். நான் கேபிளை எண்ணுகிறேன். போன மாதம் ஒரு யுஎஸ்பி கேபிள் குறைந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு அரங்கு முழுக்க டார்ச் அடித்துத் தேடினோம். கடைசியில் பார்த்தால், எங்களுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் அறையில் அவருடைய இன்னொரு போன் அதில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. 82 சதவீதம். நூறாகட்டும் என்று டீ குடிக்கப் போனோம்.