அமர்நாத் யாத்திரை: லீவில் மிச்சம் பிடிக்கும் அந்த இரண்டு ராத்திரி

சித்திரை பிறந்தால் தர்மபுரி, பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று, காஷ்மீர் மலையில் பனிலிங்கம் உருவாகும் அமர்நாத் குகைக்குப் போக ஊருக்கு ஒரு குழு சேர ஆரம்பித்துவிடும். தலைமை தாங்குபவர் பெரும்பாலும் சபரிமலைக்கு வருஷா வருஷம் ஆள் கூட்டிப்போகும் குருசாமி. கூட வருபவர்களில் பாதிப்பேர் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள். "அதையே ஏறியாச்சு, இதென்ன பிரமாதம்" என்ற பேச்சில்தான் திட்டம் தொடங்குகிறது. அனுபவஸ்தர்கள் முதல் தடவை செய்த அதே தவறுகளைப் புதிதாகப் போகிறவர்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள்.

ஸ்வெட்டர் எடுங்கள், மழைக்கோட்டு எடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். கீழே தலைப்புகளாக இருப்பவைதான் அந்தத் தவறுகள்.

தெரிந்த டாக்டரிடம் சான்றிதழ் வாங்குவது

குடும்ப டாக்டர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் அவர் லெட்டர்பேடில் எழுதித் தரும் உடல்தகுதிச் சான்றிதழ் யாத்திரைப் பதிவுக்குச் செல்லாது. அமர்நாத் ஆலய வாரியம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மருத்துவர்கள், மருத்துவமனைகள் பட்டியலைத் தன் இணையதளத்தில் போடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர், வாரியம் தரும் படிவத்தில், அந்த ஆண்டுக்கு அறிவித்த தேதிக்குப் பிறகு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போன வருஷத்துப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பிக்கொண்டு போனால் பதிவு நடக்கும் வங்கியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 13 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் பதிவு கிடையாது. ஆறு வாரம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. அம்மாவுக்கு 72 ஆகிறது, ஆனால் திடமாக இருக்கிறார் என்று வாதாடிப் பயனில்லை.

டிக்கெட் முதலில், அனுமதி அப்புறம்

சேலம் வழியாக ஜம்மு போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். அதனால் ரயில் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, யாத்திரை அனுமதியைப் பிறகு தேடுகிறார்கள். இது தலைகீழ். அனுமதியில் தேதியும் வழியும் அச்சாகி வரும். குகைக்குப் பஹல்காம், பால்தால் என்று இரண்டு வழி; பஹல்காம் வழி அனுமதியை வைத்துக்கொண்டு பால்தாலில் ஏற முடியாது. அந்தத் தேதி ஜம்முவை விட்டுக் கிளம்பும் நாள் அல்ல, பஹல்காம் வழியில் சந்தன்வாடியிலோ பால்தால் வழியில் தோமெலிலோ கேட்டைத் தாண்டும் நாள். இதைக் குழப்பிக்கொண்டு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேரும் குழுக்கள் வருஷா வருஷம் உண்டு.

பதிவு எல்லா வங்கிக் கிளையிலும் நடக்காது. குறிப்பிட்ட கிளைகளில்தான், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் நடக்கும். அனுமதி கைக்கு வந்ததும், அதிலுள்ள தேதியிலிருந்து பின்னோக்கி நாளை எண்ணி டிக்கெட் போடுங்கள். எத்தனை நாள் பின்னோக்கி என்பதில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள்.

இரண்டு ராத்திரியை மிச்சம் பிடிப்பது

ஒசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு விமான நிலையம் பக்கம். திட்டம் இப்படிப் போகும்: வெள்ளிக்கிழமை காலை விமானம், சாயங்காலத்துக்குள் ஸ்ரீநகர் வழியாக பால்தால் கூடாரம், சனிக்கிழமை விடியற்காலை ஏற்றம், மதியம் தரிசனம், ராத்திரி இறக்கம், ஞாயிறு திரும்பல், திங்கள் வேலை. காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

உயரத்தைப் பாருங்கள். தர்மபுரி சுமார் 1,500 அடி. ஸ்ரீநகர் 5,200. பஹல்காம் ஏறக்குறைய 7,000. பால்தால் 9,000. குகை கிட்டத்தட்ட 12,750. நமக்கெல்லாம் மலைக்குளிர் என்றால் ஏற்காடு, அதுவே 5,000 அடிதான். குகை வாசலில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. மேலே கூறிய திட்டத்தில் போகிறவர் 36 மணி நேரத்துக்குள் தன் உடம்பை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்.

உடம்பு இதைச் சமாளிக்கும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். முதலில் மூச்சு வேகமாகும். அப்படி வேகமாக விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏறும். அதைச் சிறுநீரகம் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மேலே போனவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் வருவதற்கு ஒரு காரணம் இதுதான். அது நல்ல அறிகுறி. கூடாரத்திலிருந்து ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறவர்கள் தங்களுக்கே கெடுதல் செய்துகொள்கிறார்கள்.

ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. உயரம் உடனே அடிக்காது. போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், பெரும்பாலும் தூக்கத்தில். பகலில் பாடிக்கொண்டே ஏறியவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிடப் பிடிக்காது, குமட்டும், தலை சுற்றும். கூட இருப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா? "வாயுப்பா." இன்னொருவர் பித்தம் என்பார். இஞ்சி மரப்பா கொடுப்பார்கள், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கச் சொல்வார்கள். காலையில் தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டு, "சிவன் பார்த்துக்குவார், ஏறு" என்று கிளப்பிவிடுவார்கள். எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். மாத்திரை வலியை மறைக்குமே தவிர மூளையில் கோத்துக்கொண்டிருக்கும் நீரைக் குறைக்காது. 9,000 அடிக்கு மேல் வரும் தலைவலியை, வேறு காரணம் என்று நிரூபணமாகும்வரை உயரத்தின் தலைவலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அது விடும்வரை ஓர் அடிகூட மேலே போகக்கூடாது. கூடினால் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமலோடு நெஞ்சில் களகளவென்று சத்தம் கேட்கிறதா, அது நுரையீரலில் நீர். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள்; குடித்தவர்போல் தள்ளாடினால் மூளையில் நீர். இரண்டுமே உயிர் போகும் நிலை. பக்கத்து மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அங்கிருந்து கீழே.

ஊரில் எடுக்கும் பயிற்சி இதிலிருந்து காப்பாற்றாது. ஞாயிறுதோறும் வத்தல்மலை ஏறுங்கள், தீர்த்தமலை ஏறுங்கள், கிருஷ்ணகிரிக் கோட்டைப் படியில் ஏறி இறங்குங்கள், அவசியம் செய்ய வேண்டியதுதான். குறைந்தது ஒரு மாதம் தினமும் நான்கைந்து கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். ஆனால் அது காலுக்கும் நெஞ்சுக்கும் பழக்கம். உயரத்துக்குப் பழக்கம் உயரத்தில் தூங்கினால்தான் வரும். இன்னும் சொன்னால், ஜிம் போகும் இருபத்தைந்து வயதுப் பையன்கள்தான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறார்கள். மூட்டுவலியோடு பத்தடிக்கு ஒருமுறை நிற்கும் பெரியம்மா தரிசனம் முடித்துச் சிரித்துக்கொண்டே இறங்குவார்.

குதிரையும் காப்பாற்றாது. நடந்தால் மூச்சு வாங்கும், நாமாகவே நிற்போம். குதிரையில் அந்த எச்சரிக்கையும் போய்விடும், உயரம் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். ஹெலிகாப்டர் ஓடுகிற வருஷங்களில் அதில் குகைக்குப் பக்கத்து முகாமான பஞ்சதரணி போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வடக்கத்திக்காரர்களைப் பார்த்து நம்மவர்களும் கற்பூரப் பொட்டலத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். மூக்கு திறந்ததுபோல் இருக்கும், ஆக்ஸிஜன் ஒரு துளிகூட ஏறாது. கையடக்க ஆக்ஸிஜன் டப்பாவும் சில நிமிஷத்துக்குத்தான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அங்கே 90க்குக் கீழே காட்டுவது சகஜம். எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், ஆளைப் பாருங்கள். உயர நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை உதவும். வழக்கமாக 125 மி.கி. காலை மாலை என்று, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவார்கள். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து. சான்றிதழ் வாங்கும்போதே அந்த டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பால்தால் வழியென்றால் ஸ்ரீநகரில் ஒரு ராத்திரி, சோனமார்க்கிலோ பால்தாலிலோ இரண்டு ராத்திரி. அதன் பிறகு விடியலில் கேட் திறந்ததும் ஏறி, 14 கிலோமீட்டர் போய், அதே 14 கிலோமீட்டர் அன்றே இறங்குவது. மேலே தூங்காமல் இறங்கிவிடுவதால் இதில் உயரத்தின் அடி குறைவு. ஆனால் பாதை செங்குத்து. மதியம் ஒரு மணிக்கும் குகை எட்டவில்லையென்றால் திரும்பிவிடுவது நல்லது. தாமதமாகித் திட்டமில்லாமல் மேலேயே படுக்கிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

பஹல்காம் வழியென்றால் அங்கே இரண்டு ராத்திரி. அடுத்து சந்தன்வாடியிலிருந்து பிஸ்ஸு ஏற்றம் தாண்டி சேஷ்நாக், சுமார் 11,700 அடி. 7,000 அடியிலிருந்து அங்கே போய்த் தூங்குவது பெரிய தாவல். அன்று ராத்திரி பாதிக் கூடாரத்துக்குத் தலைவலி இருக்கும். காலையிலும் விடவில்லையென்றால் மகாகுணஸ் கணவாயைத் தொடாதீர்கள், அது 14,000 அடியை ஒட்டியது. தலை தெளிந்தவர்கள் அதைக் கடந்து பஞ்சதரணியில் தங்கி, மறுநாள் ஆறு கிலோமீட்டர் நடந்தால் குகை.

ஆக, கூடுதலாக வேண்டியது இரண்டு ராத்திரிதான். அதற்கு லீவு கிடைக்காது என்பவர்கள் அந்த வருஷம் போகாமல் இருக்கலாம்.

தரிசனம் முடிந்துதான் சாப்பாடு

வீட்டில் பிரதோஷ விரதம் இருப்பது வேறு. வெறும் வயிற்றோடு அந்த ஏற்றம் ஏறினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அதை உயர நோய் என்று நினைத்துக் குழம்புவீர்கள். வழியெங்கும் லங்கரில் இலவசச் சாப்பாடு உண்டு. சப்பாத்தி, ராஜ்மா இறங்காதவர்கள் நம்ம ஊர் ராகி மாவை வறுத்துப் பொடித்துக் கொண்டுபோகலாம். வெந்நீர் எங்கும் கிடைக்கும், கலக்கிக் குடிக்க இரண்டு நிமிஷம். கடலை மிட்டாயும் பேரீச்சையும் பையில் அல்ல, பாக்கெட்டில் இருக்கட்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர்வரை குடிக்கச் சொல்கிறது வாரியம். வாய்க்கு வாய், நாள் முழுக்கப் பிரித்து.

பி.பி. மாத்திரையை விரதத்தின் பெயரால் நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். இன்சுலின் உறைந்துவிட்டால் பிறகு வேலைசெய்யாது. உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

வெறுங்காலோடு நடப்பது

பழனி அல்ல.

புடவை, வேட்டி

வாரியமே பெண்களைப் புடவை வேண்டாம் என்கிறது. குதிரை ஏறும்போதும் சேற்றில் இறங்கும்போதும் காலைத் தடுக்கும். பருத்தி வேட்டி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

ப்ரீபெய்ட் சிம்

ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் மற்ற மாநில ப்ரீபெய்ட் சிம் அடங்கிவிடும். தர்மபுரியில் 399க்கு ரீசார்ஜ் செய்தாலும் அதே கதைதான். போஸ்ட்பெய்ட் வேலைசெய்யும், குழுவில் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். ஜிபேயை நம்பாமல் சில்லறை நோட்டாகப் பணம் வையுங்கள். பெயர், ஊர், குழுவில் ஒருவர் எண், வீட்டு எண் எழுதிய தாள் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கட்டும். தமிழில் மட்டும் எழுதினால் அங்கே யாரும் படிக்கமாட்டார்கள்.

யாத்ரீகரை அடையாளம் காட்டும், கழுத்தில் தொங்கவிடும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். ஜம்முவிலோ காஷ்மீர் முகாம்களிலோ அசல் ஆதாரைக் காட்டி வாங்க வேண்டும்.

ஆடிப்பெருக்கு முடிந்து போகலாம் என்பது

யாத்திரை ஆவணி அவிட்டப் பௌர்ணமிவரை என்று அறிவித்திருப்பார்கள். பனிலிங்கம் அதுவரை காத்திருக்காது. சூடான வருஷங்களில் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கரைந்திருக்கிறது. 2025இல் மழையால் பாதை கெட்டு, ஆகஸ்ட் 9வரை நடக்க வேண்டிய யாத்திரை ஒரு வாரம் முன்னதாகவே நின்றுபோனது. லிங்கத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் பத்து நாளுக்குள் தேதி வாங்குங்கள். கூட்டம் இருக்கும்தான்.

ஓடைப் பக்கம் உட்கார்வது

2022 ஜூலை 8 சாயங்காலம் குகைக்கு அருகே கொட்டிய மழையில் ஓடை பெருகிக் கூடாரங்களை அடித்துப்போனது. பதினைந்து பேருக்குமேல் இறந்தார்கள். தண்ணீர் எடுக்க வசதி, சமதரை என்று ஓடைப் படுகையில் உட்காரவோ மூட்டையை வைக்கவோ கூடாது. மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையில் நீலவானத்தைப் பார்த்து மழைக்கோட்டைக் கீழே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

குதிரைக்கு வழிவிடுவது

பின்னாலிருந்து "ஹோஷ், ஹோஷ்" என்று குதிரைக்காரர் குரல் கேட்டதும் நம்மவர்கள் மரியாதையாகப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குகிறார்கள். குதிரையின் வயிற்றுப் பக்கத்தில் தொங்கும் மூட்டை தோளில் இடித்தால் போதும், கீழே பிடிக்க ஒரு செடிகூட இல்லை. எப்போதும் மலைச்சுவர்ப் பக்கம், முதுகை ஒட்டி, பையை முன்னால் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கடைசிக் குதிரை போனபிறகும் பத்து எண்ணுங்கள், இன்னொன்று வரும்.