மாநிலம் மாறினீர்களா? உயிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

அமெரிக்காவில் உயில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் சாட்சி இல்லாமல் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட உயில் செல்லும். அதே தாளோடு ஃபுளோரிடாவுக்குக் குடிபோனால் செல்லாது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதோடு, உறவினர் அல்லாத வெளிமாநில நண்பரை உயிலை நிறைவேற்றுபவராக ஃபுளோரிடா ஏற்காது. சொந்தபந்தம் ஊரில் இருக்க, நண்பர்களை நம்பியே வாழும் நம் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மருத்துவ முடிவுகளுக்கான தாள்களும் இப்படித்தான். உங்களுக்காக யார் பேசுவது, செயற்கை சுவாசம் வேண்டுமா என்ற இரண்டும் கலிபோர்னியாவின் சட்டப் படிவத்தில் ஒன்றாகவே வரும். டெக்சாஸில் இரண்டுக்கும் தனித்தனித் தாள். அங்கே நோட்டரியிடம் போகாமல் இரண்டு சாட்சிகளை வைத்து முடிப்பதானால், அவர்களில் ஒருவராவது ரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் மறப்பது பிள்ளைகளை. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது முடிந்தால், பெற்றோர் என்ற உரிமையில் முன்போல நீங்களே மருத்துவமனையில் முடிவெடுக்க முடியாது. கல்லூரிக்குப் பெட்டி கட்டும் வாரத்திலேயே, கல்லூரி இருக்கும் மாநிலத்தின் மருத்துவ முடிவுப் படிவத்தில் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி, அதன் படத்தை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.