எஃப்.எம். ட்யூனர்ல உஸ்ஸுன்னு இரைச்சலா? கண்ட பட்டனை அமுக்காதீங்க

பர்மா பஜார் பக்கம் பழைய ஸ்டீரியோ ட்யூனர் (ரேடியோ சிக்னலை மட்டும் பிடிச்சு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கற பெட்டி) ஒண்ணு வாங்கிட்டு வந்து தண்டையார்பேட்டை வீட்ல வெச்சு ரெயின்போ 101.4 போடுறீங்க, பாட்டுக்குப் பின்னாடி உஸ்ஸுன்னு ஒரு இரைச்சல், உடனே கை முன்னாடி இருக்கற எல்லா பட்டனையும் அமுக்கும். அங்கதான் தப்பு ஆரம்பிக்குது.

அந்த உஸ் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். இடது வலது ரெண்டையும் கூட்டுன சத்தம் கீழ 15 கிலோஹெர்ட்ஸுக்குள்ள வந்துடுது, மோனோ ரேடியோவுக்கு அதுவே போதும், ஆனா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸைச் சுத்தி ஏறி வருது, எஃப்.எம்.ல மேல போகப்போக இரைச்சலும் ஏறும், அதனால அந்த வித்தியாச சிக்னல்தான் இரைச்சலையும் சேத்து இழுத்துட்டு வருது. சிக்னல் வீக்கா இருந்தா மோனோவை விட ஸ்டீரியோல 20 டெசிபலுக்கு மேல கூட இரைச்சல் இருக்கும்.

ஹை பிளெண்ட் பட்டன் பண்றது என்னன்னா ரெண்டு பக்கத்து ட்ரெபிளை, அதாவது கீச்சு சத்தத்தை மட்டும் கலக்குது. வித்தியாச சிக்னல்ல வந்த இரைச்சல் ஒரு பக்கம் கூட்டலாவும் இன்னொரு பக்கம் கழித்தலாவும் இருக்கறதால கலந்த உடனே ஒண்ணை ஒண்ணு அடிச்சு இல்லாமப் போயிடும். கூடவே ட்ரெபிள்ல ஸ்டீரியோ விரிவும் போயிடும். நல்லா எடுக்கற ஸ்டேஷனுக்கும் இதை ஆன்லயே வெச்சிருக்காங்க பாருங்க, அது எனக்கு மனசே ஆறாது, சலங்கையும் தாளமும் நடுவுல வந்து ஒட்டிக்கும்.

எம்.பி.எக்ஸ். ஃபில்டர் உஸ்ஸுக்கு மருந்து இல்லங்க. இது ஸ்டீரியோ ஒலிபரப்புன்னு ட்யூனருக்குச் சொல்ல கூடவே வர்ற 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் டோன், கேசட்ல பதிஞ்சு டால்பியை (கேசட் இரைச்சலைக் குறைக்கற சர்க்யூட்) ஏமாத்தக் கூடாதுன்னு வெச்சது அது. ஆனா சில பழைய ரிசீவர்ல எம்.பி.எக்ஸ். நாய்ஸ் ஃபில்டர்னு போட்டிருக்கும், அது ஹை பிளெண்டேதான், பேரைப் பார்த்து குழம்பாதீங்க.

மியூட்டிங் பட்டன், ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல வர்ற சத்தத்தை மூடத்தான், வீக்கான ஸ்டேஷன் தேடும்போது ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அந்த ஸ்டேஷன் இருக்கறதே தெரியாது.

ஸ், ச எழுத்தெல்லாம் பிசிறடிச்சா அது பெரும்பாலும் உஸ் கணக்கே இல்ல, சிக்னல் கட்டடத்துலயும் கன்டெய்னர் அடுக்குலயும் பட்டு ரெண்டு வழியா வருதுன்னு அர்த்தம், எந்த பட்டனும் அதை முழுசா சரி பண்ணாது, ஆன்டெனாவைத் திருப்பித்தான் பார்க்கணும். காசிமேடு, ராயபுரம் பக்கம் மொட்டை மாடில ஆன்டெனா வெச்சிருக்கவங்க ஒயர் ஜாயின்ட்டை அப்பப்போ கழட்டிப் பாருங்க, உப்புக்காத்துல பச்சை பூத்திருந்தா சுரண்டிட்டு மாட்டுங்க.