பங்களாவை அப்புறம் பார்க்கலாம், முதலில் லயத்தைத் திறங்கள்

பழைய ரப்பர் தோட்டத்தைச் சுற்றுலாத் தலமாக்க யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் எல்லாரும் துரை பங்களாவைத்தான் படம் பிடித்து வருகிறார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, இருந்தவன் நான். பங்களாச் சாவி என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. உள்ளே அப்படியொன்றும் இல்லை. பெரிய மாளிகைதான் வேண்டுமென்றால் பத்து காஜா ஊரில் கெல்லி கோட்டை இருக்கிறது. 1926இல் அதைக் கட்டிய துரை இறந்ததும் பாதியில் நின்றது. நம்மிடம் காட்ட வேண்டியது தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ரப்பர் தகட்டைக் காயவைக்கும் புகைக்கூண்டு, ரப்பர் மரங்கள் நிற்கும் பால்காடு.

முதல் வேலை நில அலுவலகத்தில். கிராண்ட் (நிலப்பட்டா) யார் பெயரில், நிலம் எந்த வகை என்று பாருங்கள். விவசாய நிலத்தில் தங்கும் விடுதி நடத்த, தேசிய நிலச் சட்டம் 124ஆம் பிரிவின்கீழ் நில வகை மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும். கோவிலும் தமிழ்ப்பள்ளியும் பல இடங்களில் கம்பெனி நிலத்தில்தான் நிற்கின்றன. அவற்றின் இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் ஒரு தகரத்தைக்கூட மாற்றாதீர்கள். உள்ளூர் மன்ற லைசென்சும் பொம்பா (தீயணைப்புத் துறை) அனுமதியும் அதற்குப் பிறகு.

அடுத்து, செக்ரோல், அதாவது தொழிலாளர் பேரும் வேலை நாளும் எழுதிய ஏடு. அந்தப் பழைய பேர்ப்பதிவு எங்காவது அலமாரியில் கரையான் தின்றுகொண்டிருக்கும். பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அதில் உள்ள பெயர்களைப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், அந்த வீட்டுச் சண்டை வரை வந்துவிடும். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்துத் துரை கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டதையும் வெள்ளைக்காரன் ஆட்சி அவசரகாலம் அறிவித்ததையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயரும் பலகையில் வரட்டும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு யார் பெட்டியிலாவது இருக்கும். பங்குக்காக மாதம் பத்து வெள்ளி (டாலர்) கட்டியவர் இன்னும் இருந்தால், சீட்டுக்குப் பக்கத்தில் அவரையே உட்காரவையுங்கள்.

லயத்துச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல் என்றால் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயர்ந்து விழும். சுண்ணாம்பே அடியுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காமல், விவரம் தெரிந்த ஆளை வைத்து இறக்குங்கள்.

ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டுக்கு வருவோம். விருந்தாளிகள் விடியும் முன் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும். ஹோட்டலில் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு வருகிற வேனுக்கு மரம் காத்திருக்காது. வெட்டுகிற அம்மா முதலில் முந்தின வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். பிறகு உளி, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, ஏறக்குறைய 30 பாகைச் சரிவு. சீவுவது ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான். வெட்டு ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டு தட்டும். அதனால் விருந்தாளி கையில் உளி கொடுப்பதற்கென்று ஒரு கிழட்டு மரத்தை ஒதுக்கிவையுங்கள். பாலில் ஆசிட் கலந்து உறையவைப்பதையும், உருளையில் அரைத்த தகட்டைப் புகைக்கூண்டில் தொங்கவிடுவதையும் தொடர்ந்து காட்டலாம். எல்லாம் செம்பனையாகிவிட்ட (எண்ணெய்ப்பனை) தோட்டமென்றால் ஒரு மூலையில் ரப்பர் நடுங்கள். வெட்டுக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அதுவரை கோலகங்சாருக்குக் கூட்டிப்போங்கள். 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகம் அருகில் மரமாக நிற்கிறது.

அந்த அம்மாவுக்குக் கூலி அன்றன்றைக்கே, கையில். அன்பளிப்பு உறை, பொன்னாடை எல்லாம் வேண்டாம்.

கோவில் திருவிழாத் தேதியை உங்கள் வசதிக்கு மாற்றச் சொல்லாதீர்கள். தீமிதிக்கு டிக்கெட் கூடவே கூடாது. வருகிறவர்கள் வரிசையில் நின்று அன்னதானம் சாப்பிட்டுப் போகட்டும்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. இலை உதிரும் மாதங்களில் பால் குறையும். முன்பதிவு வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். மழைநாளில் வந்தவர்களுக்கு ஆயாக்கொட்டகையில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், கூடவே செக்ரோல் வாசிப்பும் வையுங்கள்.