வீட்டில இருந்து வேலையா? மிச்சமாகிற நேரத்தை இப்பிடி கையில பிடிங்க

நான் கொழும்பில அஞ்சு வருஷம் போர்டிங்ல நிண்டு வேலை செஞ்சனான், இப்ப ரெண்டு வருஷமா உப்புவெளியில அம்மாட வீட்டில இருந்து அதே வேலை. வெள்ளி இரவு ட்ரெயின்ல ஏறி சனி விடிய திருகோணமலையில இறங்கி, ஞாயிறு இரவு திரும்பவும் பேக்க தூக்கிட்டு ஓடின ஓட்டம் முடிஞ்சதே பெரிய நிம்மதி. ஆனா வீட்டில இருந்தா மட்டும் நேரம் மிஞ்சாது. முதல் மூண்டு மாசம் எனக்கு மிச்சமான அவ்வளவு நேரமும் லப்டொப்புக்குள்ளயே போச்சு. புதுசா தொடங்கிற தம்பி தங்கச்சிமாருக்கு அதுக்குத்தான் இத எழுதுறன்.

முதல்ல மணிக்கூட்ட பாருங்க. எங்களுக்கு லண்டன் கஸ்டமர்கள், அங்க காலமை 9 எண்டா இங்க மத்தியானம் 1.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க நேரத்த பின்னுக்கு மாத்துவாங்க, அப்ப இங்க 2.30 ஆகும், மார்ச் கடைசி ஞாயிறோட திரும்ப 1.30. ரெண்டு திகதியையும் போன்ல போட்டு வைங்க. அப்ப காலமை முழுக்க உங்கட கையில, தயவுசெஞ்சு அத நித்திரையில விடாதீங்க. நான் ஆறு மணிக்கு முன்னமே கடற்கரைக்கு போயிடுவன், எங்கட பக்கம் சூரியன் கடலுக்குள்ள இருந்துதானே எழும்பும், அத பாத்துட்டு வாற வழியில மீன் வாங்கிட்டு வந்தா மத்தியானம் சோறும் சொதியும் பொரிச்ச மீனும், பார்சல் சோறு திண்டு வந்த நெஞ்செரிவு இப்ப இல்ல.

அம்மாட கிளினிக் நாள்தான் எனக்கு எல்லாத்தையும் விட பெரிசு. முந்தி அவ தனிய ஓட்டோ பிடிச்சு போய், நம்பர் எடுத்து காத்திருந்து, டொக்டர் என்ன சொன்னவர் எண்டு போன்ல கேட்டா "எல்லாம் நல்லமாம்" எண்டு மட்டும் சொல்லுவா. இப்ப லீவு போடாமலே கூட போறன், கிளினிக் கொப்பி என்னட்ட இருக்கு, எந்த குளிசை கூட்டினது எது நிப்பாட்டினது எண்டு எனக்கு தெரியும். உங்களுக்கும் வயசான ஆக்கள் வீட்டில இருந்தா அவங்கட கிளினிக் திகதிய முதல்ல கலண்டர்ல போட்டுட்டு மீட்டிங்க பிறகு போடுங்க.

மேசைய எங்க போடுறது எண்டதும் முக்கியம். மேற்கில இருந்து வாற சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பின்னேரம் மேற்கு சுவர் கொதிக்கும், அதால மத்தியானத்துக்கு பிறகு வேலை எண்டா கிழக்கு பக்க அறைய எடுங்க. லப்டொப்ப நாலு புத்தகத்துக்கு மேல தூக்கி வச்சு கீபோர்ட் தனியா வாங்குங்க, கழுத்து நோகாது.

கரண்ட்: 2022ல நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினத யாரும் மறக்க மாட்டம். இப்ப அப்பிடி இல்லாட்டியும் மாரி மழைக்கு லைன் போகும்தானே. ரவுட்டருக்கு எண்டு சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் பற்றரியில ஓட வைக்கிற பெட்டி) ஒண்டு வாங்கி வைங்க, வோல்ட் பொருந்துதா எண்டு ரவுட்டருக்கு அடியில பாத்து வாங்குங்க. போன்ல டேட்டாவும் கொஞ்சம் இருக்கட்டும்.

"வீட்டிலதானே நிக்கிறாய், ஒருக்கா பாங்குக்கு போயிட்டு வா" எண்டு கட்டாயம் கேப்பாங்க. கோவிக்காம, எத்தின மணியில இருந்து எத்தின மணி வரைக்கும் வேலை எண்டு முதல் கிழமையே எல்லாருக்கும் சொல்லிடுங்க. கதவு சாத்தியிருந்தா வேலை, திறந்திருந்தா கூப்பிடலாம், எங்கட வீட்டில இப்ப அதுதான் கணக்கு. பொழுதுபடுற நேரம் அரை மணித்தியாலம் நான் எழும்பி அம்மாவோட பிளேன்டீ குடிப்பன், அதுக்குள்ள யார் எடுத்தாலும் போன் தூக்கிறதில்ல.

காசு விஷயம். போர்டிங் வாடகை மிஞ்சுது எண்டா அது சாதாரணமா கரைஞ்சிடும், சம்பளம் விழுற அண்டைக்கே அந்த தொகைய வேற கணக்குக்கு மாத்துங்க. கம்பனியில நிரந்தர வேலை எண்டா வீட்டில இருந்தாலும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு சம்பளத்தில உங்கட 8 வீதமும் அவங்கட 12 வீதமும் போகவேணும், சம்பள சீட்டுல பாருங்க. வெளிநாட்டு ஆக்களுக்கு தனிய செய்யிறீங்க எண்டா அத கட்ட ஒருத்தரும் இல்ல, அந்த 20 வீதத்த மாசா மாசம் நீங்களே எடுத்து வைங்க.