உறவினர் வீட்டு நாய்க்கு மருத்துவச் செலவு: பணம் தருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாய்க்கு உடம்பு சரியில்லை. உடனே சேர்க்கச் சொல்கிறார்கள், நாற்பதாயிரம் ஆகுமாம்" என்று சித்தியோ அண்ணனோ போனில் அழுதால், நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். யோசிக்காமல் "அனுப்புகிறேன்" என்கிறோம். அல்லது "ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்று கேட்டுவிடுகிறோம்.

இரண்டாவதுதான் பெரிய தவறு. பத்து வருடம் வளர்த்த பிராணி எதிரே சுருண்டு கிடக்கும்போது அந்தக் கேள்வி காதில் விழுந்தால், பணம் தர மறுத்ததை மறந்தாலும் அதை மறக்கமாட்டார்கள். "என்னிடம் இப்போது இல்லை, சித்தி" என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்த நாய் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

யோசிக்காமல் "அனுப்புகிறேன்" என்பதில் வேறு சிக்கல். என்ன நோய் என்றே தெரியாமல் தொகையை ஒப்புக்கொள்கிறீர்கள். நோய்க்கு நோய் கணக்கு மாறும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, இரத்தமாக வயிற்றுப்போக்கு போனால் பெரும்பாலும் பார்வோ வைரஸாக இருக்கும். சில நாள் உள்நோயாளியாக வைத்து, ட்ரிப்ஸ் ஏற்றி, வாந்திக்கும் கிருமித் தொற்றுக்கும் ஊசி போட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடும். விட்டுவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடும். முதல் சில நாள்களைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு செலவும் அதிகம் இருக்காது. உதவ முடிந்தவர் தயங்காமல் உதவ வேண்டிய நோய் இது.

சிறுநீரகக் கோளாறு அப்படியல்ல. நாயின் சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு இயல்பைத் தாண்டத் தொடங்குகிறது. அது 5-ஐத் தாண்டிவிட்ட வயதான நாய்க்கு நோய் நாள்பட்டதாக இருந்தால், போன சிறுநீரகம் திரும்பாது. ட்ரிப்ஸ், சிறப்பு உணவு, மாத்திரை எல்லாம் மிச்ச நாள்களைக் கொஞ்சம் சுகமாகக் கழிக்கத்தான். அதே கிரியேட்டினின் அளவு எலிக்காய்ச்சலால் திடீரென ஏறியிருந்தால் கதையே வேறு. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் சிறுநீரகம் மீண்டுவர வாய்ப்பு உண்டு. ஆகவே "எவ்வளவு ஆகும்?" என்பதற்கு முன்னால் "திடீரென வந்ததா, நாள்பட்டதா? குணமாகுமா, தள்ளிப்போடத்தான் முடியுமா?" என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். சித்தி பதற்றத்தில் இருந்தால், அவர் அனுமதியோடு நீங்களே போனில் கேளுங்கள்.

எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்காமல் பணம் போடுவது இன்னொரு தவறு. நாற்பதாயிரம் என்பது அறுவை சிகிச்சைக்கு மட்டுமா? இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, ஒரு நாளைக்கான அட்மிஷன் கட்டணம், வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் வாங்க வேண்டிய மருந்து, இவையெல்லாம் அதில் அடக்கமா? ஒவ்வொன்றாகக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ளமாட்டார். பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்கில் கட்டிவிடுங்கள். உறவினரை நம்பாததால் அல்ல. அந்த நேரத்தில் அவர் கையில் வரும் பணத்துக்கு வேறு பத்துத் தேவைகள் காத்திருக்கும்.

இனி, குடும்பங்களை உடைக்கும் தவறுக்கு வருகிறேன். கொடுப்பது கடனா, கைமாற்றா, உதவியா என்று சொல்லாமலே கொடுப்பது. மொய் என்றால் நோட்டில் எழுதிவைக்கிறோம், திருப்பிச் செய்கிறோம், கணக்கு இரு பக்கமும் தெரியும். இந்தப் பணத்துக்கு நோட்டு கிடையாது. நாய் பிழைக்காமல் போனால், துக்கத்தில் இருப்பவரிடம் கடனைக் கேட்க வாய் வராது. ஆறு மாதம் கழித்து அவர் புது போன் வாங்கினால் மனசு உறுத்தும். பிறகு ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சொல்லிக்காட்டிவிடுவோம். அதனால், திரும்ப வராவிட்டாலும் வாய் திறக்காமல் இருக்க முடிகிற தொகை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அது ஐயாயிரமாக இருந்தால் ஐயாயிரம்தான். "சித்தி, என்னால் ஐயாயிரம் தர முடியும். திருப்பித் தர வேண்டாம். அதற்கு மேல் இயலாது" என்று முதல் நாளே சொல்லுங்கள். வீட்டில் கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பணம் கொடுத்ததாலேயே முடிவெடுக்கும் உரிமை வந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. "நான்தானே கட்டுகிறேன், இதற்கு மேல் வேண்டாம், ஊசி போட்டுவிடச் சொல்" என்று பில் கட்டுபவர் சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. நாயின் வேதனை தீராது என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலை ஒரு நேர்மையான வழிதான். அதை எண்ணிப் பார்ப்பதில் குற்றம் இல்லை. ஆனால் அந்தச் சொல் வளர்த்தவர் வாயிலிருந்தோ மருத்துவரிடமிருந்தோ வரட்டும். உங்கள் எல்லை பணத்தோடு நிற்கட்டும்.

தனியார் கிளினிக்கை மட்டுமே மனதில் வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். பணம் தர முடியாதவர் ஒரு நாள் லீவு போட்டு, ஆட்டோ பிடித்து, அண்ணனோடு வரிசையில் நின்றால் அது பணத்துக்குக் குறைந்த உதவி அல்ல. இன்ஷூரன்ஸ் எடுத்துச் சமாளிக்கலாம் என்று நோய் வந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

கடைசியாக, இழுத்தடிப்பது. "பார்க்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்" என்பதை மென்மையான மறுப்பாக நினைக்கிறோம். கேட்டவர் அதை நம்பிக் காத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மனித மாத்திரையைக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஒரே ஒரு பாரசிட்டமால்கூடப் பூனையைக் கொன்றுவிடலாம். தள்ளிப்போட முடியாத நோய்களும் உண்டு. கருத்தடை செய்யாத பெண் நாய்க்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவது உண்டு. அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், சாப்பிடாது, பின்பக்கம் சீழ் வடியலாம். அறுவை சிகிச்சை செய்து கருப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். கருப்பை உள்ளே கிழிந்தால் பிழைப்பது கடினம். முடியாது என்பதை அன்றே சொல்லிவிட்டால், அவர் வேறு ஒருவரிடம் கேட்பார், அல்லது விடிந்ததும் வேப்பேரிக்குக் கிளம்புவார்.