வெளிநாடு போன நம் மலைப் பிள்ளைகளுக்கு: விவாகரத்து வழக்கை எங்கே போடுவது?

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கும் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் இங்கிலாந்து போகிற பிள்ளைகளுக்கு வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு தொடங்குவது எல்லாம் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறது. குளிரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் அங்கே இருந்துவிட்டு கோத்தகிரிக்கே திரும்பி வந்தவள். என் தோழி பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அங்கத்திய முறை சுலபம்தான், சுருக்கமாகவே சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார்மேலும் குற்றம் சொல்லாமலே விவாகரத்து கேட்கலாம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆன்லைனில் மனு, 600 பவுண்டுக்குச் சற்று மேலே கட்டணம், 20 வாரக் காத்திருப்பு, அப்புறம் நிபந்தனை உத்தரவு, அதிலிருந்து ஆறு வாரம் கழித்து இறுதி உத்தரவு. ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு. உங்கள் விசா கணவர் அல்லது மனைவியின் விசாவை நம்பி இருந்தால் மட்டும், மனுவைத் தொடுவதற்கு முன்பே விசா வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தோழிக்குக் கல்யாணம் நடந்தது இங்கே, கோத்தகிரியில். அவள் கணவர் ஊருக்கே திரும்பிவிட்டார். இவள் அங்கே மனுப் போட்டாள், தபால் வந்தும் அவர் பதில் எழுதவில்லை, நீதிமன்றம் இறுதி உத்தரவு கொடுத்துவிட்டது. "எல்லாம் முடிந்தது, இனி நீங்கள் சுதந்திரமானவர்" என்று அங்கத்திய வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார். இந்தியாவில் இது செல்லுமா என்று ஒரு வார்த்தை அந்த ஆளும் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்ல வேண்டாமா? நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

மறுமணத்துக்கு நாள் குறிக்க வீட்டில் பேச்செடுத்தபோது கணவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது: இந்து திருமணச் சட்டம் பிரிவு 9, சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி. நானும் அவளும் ஊட்டிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வெளியே மதியத்திலேயே மஞ்சு இறங்கி, அறைக்குள் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவர் உத்தரவுத் தாள்களைப் புரட்டி, நிபந்தனை உத்தரவில் ஒரு வரியில் விரலை வைத்தார். திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்கிற வரி. "ஏம்மா, இந்தக் காரணம் நம்ம சட்டத்துல இல்லையே. அவரும் அந்தக் கோர்ட்ல வந்து ஒத்துக்கலையே. அப்புறம் எப்படிம்மா இங்க செல்லும்?"

பொறி இதுதான். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 13 எந்த வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தும் என்று சொல்கிறது. 1991இல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருமண வழக்குகளுக்கு விளக்கிவிட்டது: எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டத்தில் உள்ள காரணம் இருக்க வேண்டும், எதிர்த் தரப்பு மனமுவந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்காடியிருக்க வேண்டும், இல்லையென்றால் விவாகரத்துக்குச் சம்மதித்திருக்க வேண்டும். முறிந்துபோன திருமணம் என்று சொல்லி விடுவிக்கிற அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உண்டு என்று 2023இல் தீர்ப்பு வந்தது, ஊட்டி நீதிமன்றத்துக்கு அது கிடையாது. ஆக, லண்டனில் தனியாள், கோத்தகிரியில் இன்னொருவர் மனைவி. இந்த நிலையில் மறுமணம் செய்தால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82இன்படி ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்கிற நிலையில் இருந்தால் வழக்கை இங்கேயே போடுங்கள். கல்யாணம் நடந்த இடம் எதுவோ அந்த எல்லை நீதிமன்றத்தில் போடலாம். நீலகிரி என்றால் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டம். இந்து திருமணச் சட்டம் பிரிவு 13பி, பரஸ்பர சம்மதம். ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்று நீதிமன்றம் விட்டுவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், முறையாக இங்கே நீதிமன்றத்தில் வாங்கிய விவாகரத்தை இங்கிலாந்தும் ஏற்றுக்கொள்ளும். ஊட்டித் தீர்ப்பு அங்கே செல்லும், அங்கத்திய ஒருதலைத் தீர்ப்பு இங்கே செல்லாது! இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் என் தோழிக்கு அத்தனை பவுண்டும் அத்தனை கண்ணீரும் மிச்சம். கடைசியில் அவளும் 13பிக்குத்தான் வந்தாள், அதுவும் இரு வீட்டுப் பெரியவர்களும் மாதக்கணக்கில் பேசிய பிறகு.

எதிர்த் தரப்பு ஒத்துவரவில்லை என்றாலும் இங்கேதான் வழக்கு. கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை நிரூபிக்க வேண்டும், வாய்தா மேல் வாய்தா ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) ஊர்த்தலைவரான கௌடர் முன்னால் பேசி முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டோமே, போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் பெரியவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம், எத்தனையோ குடும்பத்தை அவர்கள் சேர்த்துவைத்திருக்கிறார்கள். வழக்கப்படி பெறும் விவாகரத்துக்கு இந்து திருமணச் சட்டம் பிரிவு 29(2) இடமும் தருகிறது. ஆனால் சச்சரவு வந்தால் அந்த வழக்கம் உண்டு என்பதை நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பேச்சை அங்கே முடித்துவிட்டு, தீர்ப்பை ஊட்டியில் வாங்குங்கள். பரஸ்பர சம்மதத்துக்குக் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டம், பிரிவு 10ஏ. தோடர், கோத்தர் போன்ற பழங்குடியினருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது, அவர்கள் தனியாக ஆலோசனை கேட்க வேண்டும்.

நேரில் வர முடியாதவர்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்புவீர்கள். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், தபாலில் வந்த உறையைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடப் போகிறார்கள், நீங்களே போன் போட்டு நினைவுபடுத்துங்கள். தீர்ப்பு வந்ததும் மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணப் பேச்சு வேண்டாம். சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்குங்கள், அங்கே மறுபடி கல்யாணப் பதிவுக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.